மணலில் விரித்த ஜமக்காளம்

ஆடி மாதம். எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. நாலைந்து இளைஞர்கள் வேப்பமரத்தடியில் வைக்கோலையும் பழைய செய்தித்தாளையும் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோலைத் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டுவதும், விரலால் தட்டிக் காது கொடுப்பதும், போதாதென்று மறுபடி காட்டுவதுமாக இருந்தார்கள். சூடேறிய தோலின் வாசனையும் காகிதப் புகையும் சேர்ந்து வந்தன. காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பெண், “என்ன டீச்சர், வெயில்ல நிக்கிறீங்க?” என்றாள். “ஒண்ணுமில்லம்மா, நீ போ” என்றேன்.

எனக்கு அந்த வாசனை என்றால் ஊரூர் குப்பம். பெசன்ட் நகர் கடற்கரையின் வடகோடியில், அடையாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் தோளோடு தோள் சேர்ந்து கிடக்கின்றன. 1977-இல் ஆற்று வெள்ளம் உடைத்துப்போட்ட பாலம் அங்கிருந்து எட்டின தூரம்தான். 2015-இல் ஊரூர் குப்பத்து எல்லையம்மன் கோயில் வாசலில் ஒரு விழா நடந்தது. பறையாட்டமும் பரதநாட்டியமும் வில்லுப்பாட்டும் கர்நாடக இசையும் ஒரே மேடையில். முதலில் ‘மார்கழி விழா’ என்ற பெயரும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது ‘ஊரூர் ஆல்காட் குப்பம் விழா’ என்றே நிலைத்தது. அந்த விழாவையும், அதிலிருந்து கிளைத்த பாட்டுகளையும், அவற்றுக்குப் பின்னால் நின்ற மனிதர்களையும் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக நினைப்பு. பறை வாசனை இப்போது கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

என் பிள்ளைப் பிராயம் மந்தைவெளியில். அப்பா தபால் இலாகாவில் குமாஸ்தா. மார்கழி வந்தால் ஆபீஸ் விட்டதும் நேரே சபாவுக்குத்தான். டிக்கெட் வாங்கக் காசு இருக்காது. அப்போது பல சபாக்கள் கீற்றுக் கொட்டகைதான். தட்டிக்கு இந்தப்புறம் நின்றாலே போதும், பாட்டு முழுசாகக் காதில் விழும். அங்கே நிற்கிறவர்கள் எங்களைப் போன்றவர்கள் மட்டுமில்லை. ரிக்‌ஷாவை ஓரம் கட்டிவிட்டு நிற்பவர், சுண்டல்காரர், பூக்கட்டும் அம்மா ஒருத்தி. அவளுக்கு ராகத்தின் பெயரெல்லாம் தெரியாது. தோடியை இழுத்துப் பாடும்போது மட்டும் நார் முடிச்சுப் போடும் விரல் நின்றுவிடும். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம் வந்தால் மயிலாப்பூர் மாடவீதி முழுக்க நாதஸ்வரம். அதற்குத் தட்டிகூடக் கிடையாது. பிறகு கொட்டகைகள் கான்கிரீட் அரங்குகளாயின. ஏசி வந்தது, கதவுகளைச் சாத்தினார்கள், பாட்டு உள்ளேயே தங்கிவிட்டது. வெளியே நின்று கேட்கிற ஒரு கூட்டம் இருந்ததே, அது எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை.

கல்யாணமாகிப் பெசன்ட் நகருக்கு வந்தேன். பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை வேலை. குப்பத்துப் பிள்ளைகள் நிறையப்பேர் என்னிடம் படித்தார்கள். மீன் சீசனில் காலையில் தாமதமாக வருவார்கள். சட்டைப் பையில் காரப்பொடி மீன் வாசனை இருக்கும். அவர்களில் ஒருத்தி, படித்து முடித்துக் கல்லூரிக்கும் போனவள், ஒரு சாயங்காலம் நோட்டீசோடு வீட்டுக்கு வந்தாள். “டீச்சர், நம்ம கோயிலாண்ட விழா நடக்கப் போகுது. பசங்க வில்லுப்பாட்டு பண்றாங்க. வசனத்தைக் கொஞ்சம் பார்த்துக் குடுங்க” என்றாள். அப்படித்தான் நான் உள்ளே போனேன்.

கோயில் முன்பு மணலில் வட்டமாக உட்கார்ந்துதான் கூட்டம் நடக்கும். பாடகர் டி.எம். கிருஷ்ணாவை நான் மேடையில் பார்த்திருந்தேன். இந்த வட்டத்தில் அவர் சப்பணமிட்டு உட்கார்ந்து எல்லாரும் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நித்யானந்த் ஜெயராமன் அந்தப் பக்கத்துக்காரர். போபால் விஷவாயு, கடலூர் சிப்காட், கொடைக்கானல் பாதரசம் என்று எங்கே நஞ்சு கொட்டப்பட்டதோ அங்கெல்லாம் போய் நின்ற எழுத்தாளர். வெட்டிவேர் கலெக்டிவ் என்ற சிறு கூட்டத்தில் அவர் முக்கியமானவர். கே. சரவணன் குப்பத்து இளைஞர். கடற்கரை மணல்மேல் போட்ட சாலையை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர். எந்த மணலில் வலை காய்கிறது, எங்கே படகு நிற்கிறது, எங்கே கருவாடு உலர்கிறது என்று மீனவர் குப்பங்களைத் தாங்களே அளந்து வரைபடமாக்கும் வேலையில் அவர் இறங்கியிருந்தார். அரசாங்க வரைபடத்தில் அந்த மணலெல்லாம் வெறும் இடமாகத்தான் இருந்தது. வெறும் இடம் என்று எழுதிவிட்டால் நாளைக்கு யாரும் அதன்மேல் ரோடு போடலாம், பாலம் கட்டலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலைவரை ஒரு உயர்மட்டச் சாலை போடத் திட்டம் எழுந்தபோது குப்பத்துக்காரர்கள் பதறியது அதனால்தான்.

பாட்டுக்காரரும் சுற்றுச்சூழல்காரரும் மீன்பிடிக்கிறவரும் எப்படி ஒரே வட்டத்தில் உட்கார்ந்தார்கள் என்று என்னிடம் பலர் கேட்டதுண்டு. மூன்றுபேரும் ஒரே பொருளைத்தான் பேசினார்கள் என்பது என் எண்ணம். கடற்கரை எல்லாருக்கும் பொது. பாட்டும் பொது. இரண்டையும் யாரோ வேலிபோட்டுத் தங்களதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். வேலியைப் பிடுங்க ஒரு கை போதாது.

கூட்டத்தில் சுமுகமாகவே எல்லாம் போய்விடவில்லை. வெளியில் சிலர், மீனவர்களைக் ‘கைதூக்கிவிட’ கர்நாடக சங்கீதம் கொண்டுபோகிறார்களாம் என்று குறைப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. குப்பத்திலேயே அதைக் கேட்ட ஒரு ஆயா இருந்தார். வெற்றிலை போட்ட வாய், முழங்கைவரை செதில் ஒட்டிய கை. “எங்க கோயிலு திருவியாவுல எங்களுக்குப் பிரியாத பாட்ட எதுக்குப் பாடணும்? எங்க பாட்ட நீங்க கேட்டுக்கினீங்களா?” என்று நேராகவே கேட்டார். பழைய நாளில் அம்மன் திருவிழாவுக்கு விடிய விடியக் கூத்து நடக்குமாம். அப்புறம் கூத்து போய் ஆர்கெஸ்ட்ரா வந்தது, ஆர்கெஸ்ட்ராவும் போய் மைக் செட்டில் சினிமாப் பாட்டு மட்டும் மிஞ்சியதாம். எங்கள் சபா வாசல் கூட்டம் காணாமல் போன அதே காலம்தான் இதுவும். ஆயாவின் கேள்விக்கு யாரும் சமாதானம் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலில்தான் பதில் வந்தது: பறையும் வில்லுப்பாட்டும் ஒப்புக்கு முன்னால் வாசித்துவிட்டுப் போகும் உருப்படிகளாக இல்லாமல் கச்சேரிக்குச் சமமாக நின்றன.

வில்லுப்பாட்டு ஒத்திகை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடக்கும். தமிழாசிரியை என்பதால் நான் வசனத்தைத் திருத்துவேன் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். ‘மீன் வலையில் அகப்பட்டது’ என்று யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பையன், “மாட்டிக்கிச்சுன்னு சொன்னாத்தான் டீச்சர் எங்க தாத்தா சிரிப்பாரு” என்று அடம்பிடித்தான். ‘மாட்டிக்கிச்சு’ என்றே விட்டோம். விழாவன்று அந்த இடம் வந்தபோது கூட்டத்தில் கிழவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பையன் வில்லைத் தட்டுவதையும் மறந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சாயங்காலத்தை இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். மதியமே பெண்கள் தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து கரண்ட், இன்னொரு வீட்டிலிருந்து குடிதண்ணீர், மூன்றாவது வீட்டுத் திண்ணை கலைஞர்களுக்கு. மணலில் ஜமக்காளம் விரித்திருந்தது. மயிலாப்பூரிலிருந்து பட்டுப்புடவை கட்டிய மாமிகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சிறுவர்கள் கவிழ்த்துப்போட்ட ஃபைபர் படகுகள்மேல் ஏறி இடம் பிடித்தார்கள். நான் நாற்காலியைத் தேடினேன். ஆயா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்: “இன்னா டீச்சர், கீய ஒக்காரு. எயுந்துக்க முடியலன்னா நான் தூக்கி வுடறேன்.” மேடையில் எந்தக் கம்பெனிப் பெயர் எழுதிய தட்டியும் இருந்ததாக நினைவில்லை. டிக்கெட் கிடையாது, பாஸ் கிடையாது, முன்வரிசை என்று கயிறு கட்டவில்லை.

மேடைக்குப் பின்னால்தான் அந்த வாசனை. பறையாட்டக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாலடி தள்ளி மிருதங்கக்காரர் ரவையைப் பிசைந்து தொப்பியில் அப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் கல்லையும் புள்ளையும் எடுத்து வார் ஓரத்தில் தட்டிச் சுருதி சேர்த்தார். பறைக்காரப் பையன் ஒருவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தான். “ஈரக் காத்துல ஒங்களுதும் எறங்கிடுமாண்ணே?” என்று கேட்டான். “இறங்கும் தம்பி, தோல்தானே” என்றார் அவர். இரண்டும் மாட்டுத் தோல் கண்ட வாத்தியங்கள். ஒன்றைத் தெருவில் நிறுத்திவிட்டு இன்னொன்றைக் கோயிலுக்குள் விட்டது இந்த ஊர். மிருதங்கம் செய்யும் கைகளைப் பற்றிக் கிருஷ்ணா பின்னாளில் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். 2020-இல் அதை வெளியிட முதலில் இசைந்த அரங்கம் பின்வாங்கிக்கொண்டது. வெளியீட்டு விழா வேறிடத்தில் நடந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பறைக்காரப் பையன் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது.

பறை அடி விழுந்ததும் குப்பம் எழுந்து நின்றது. மாமிகளில் இரண்டு பேரின் கால்களும் தாளம் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு கச்சேரி. காற்று மைக்கில் உப்பென்று மோதியது, கோயில் மணி நடுவில் அடித்தது, நாய் ஒன்று மேடையோரம் படுத்துக்கொண்டது. பாடகர் ராக ஆலாபனையில் வெகுநேரம் இருந்தார். வார்த்தையே வராத பாட்டை ஆயா எப்படிக் கேட்கப்போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். என் காதருகே குனிந்து, “தம்பி வலைய வுட்டுக்கினே போறான் பாரு. இன்னும் இயுக்கல” என்றார். பெரியவலையைக் கடலில் வளைத்து விட்டுவிட்டுக் கரையிலிருந்து இழுப்பார்களே, அதைச் சொன்னார். சங்கீத விமர்சனம் நிறையப் படித்திருக்கிறேன். ஆலாபனையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மதில் இருக்கிறது. அந்தப்புறம் பிரம்மஞான சபையின் தோப்பு. கர்னல் ஆல்காட்டும் அம்மையார் பிளவாட்ஸ்கியும் 1882-இல் அடையாறுக்குக் குடிவந்தார்கள். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக 1894-இல் இலவசப் பள்ளி திறந்தவர் ஆல்காட். அவர் பெயர்தான் குப்பத்துக்கும். 1935-இல் அதே தோப்பில் ருக்மிணி தேவி மேடையேறினார். சதிராக இருந்த ஆட்டம் பரதநாட்டியமாக மரியாதைக்காரர்கள் வீட்டுக்குள் நுழைய அந்த மேடை ஒரு வாசலாயிற்று. ஆடிவந்த குடும்பத்துப் பெண்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. எண்பது வருஷம் கழித்து, மதிலுக்கு இந்தப்புறம் மணலில் பரதநாட்டியம் ஆடியபோது குப்பத்துப் பெண் குழந்தைகள் முன்னால் உட்கார்ந்து முத்திரைகளைக் கையால் திரும்பச் செய்துபார்த்தார்கள். அதுவும் அங்கே நடந்தது.

அந்த வருஷக் கடைசியில் பெருமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், வேளச்சேரி, முடிச்சூர் எல்லாம் மூழ்கின. சென்னைக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிவந்து தார்ச்சாலையில் இறக்கி, மாடிகளில் தவித்தவர்களை இறக்கிக் கொண்டுபோனார்கள். அடுத்த விழாவுக்கு நகரத்திலிருந்து வந்தவர்கள் படகுகளைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. ஆனால் வெள்ளம் ஏன் வந்தது என்ற கேள்வி அந்த வட்டத்தில் விடாமல் பேசப்பட்டது. ஏரியும் கால்வாயும் சதுப்பும் கழிமுகமும் கணக்கில் புறம்போக்கு. புறம்போக்கு என்றால் ஒன்றுக்கும் உதவாதது என்று நகரம் முடிவுகட்டி, அதன்மேல் கட்டடம் கட்டிவிட்டது. மழைநீருக்குப் போக்கிடம் இல்லை.

அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’. 2017 பொங்கலன்று வெளியானது. கபேர் வாசுகி எழுதினார், சென்னைத் தமிழில். வயலின் வித்வான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார் அதை ராகமாலிகையாக இசையமைத்தார்: ஆனந்தபைரவியில் தொடங்கி பேகடா, ஹமீர் கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி. கிருஷ்ணா பாடினார். ரதீந்திரன் ஆர். பிரசாத் எண்ணூரில் படம்பிடித்தார். அனல்மின் நிலையச் சாம்பல் பரந்துகிடக்கும் வெளியில் வித்வான்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். நான் முதல்முறை அதைப் பார்த்தபோது என் தங்கை வீட்டில் இருந்தேன். சங்கீதம் முறையாகக் கற்றவள் அவள். “பேகடாவில் இந்தப் பேச்சா!” என்று முதலில் முகம் சுளித்தாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். ‘மாட்டிக்கிச்சு’ என்று அடம்பிடித்த பையனை நான் நினைத்துக்கொண்டேன். அவன் பேச்சு ராகத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பாட்டைக் கேட்டபிறகு நாங்கள் சிலர் எண்ணூருக்குப் போனோம். கொசஸ்தலையாறு கடலில் சேருமிடம் அது. சென்னையின் மூன்று ஆறுகளில் பெரிய நீர்ப்பிடிப்பு அதற்குத்தான். வடசென்னையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். காட்டுக்குப்பத்துப் படகுக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். இடுப்பளவு தண்ணீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பார்த்தோம். கொஞ்ச தூரத்தில் சாம்பல் கொண்டுபோகும் குழாய் கசிந்து, ஆற்றுப்படுகை சிமெண்ட் பூசியதுபோல் வெளுத்திருந்தது. துடுப்பைச் சேற்றில் ஊன்றிக் காட்டினார் படகுக்காரர். நுனியில் ஒட்டிவந்தது சாம்பல். “இங்க முன்ன ரெண்டாளு ஆழம்மா” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

பாட்டு வெளியாகிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை, 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கறுப்பு எண்ணெய் கடலில் கொட்டியது. மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வாளியில் அள்ளினார்கள். பாறையிடுக்கில் கையை விட்டு அள்ளியவர்களின் படங்களை நாடே பார்த்தது.

இந்தக் கூட்டத்துக்குப் பாட்டை இப்படிக் கையாளும் பழக்கம் முன்பே உண்டு. 2015-இல் சோபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் பாட்டு, அந்த மலையில் வெப்பமானித் தொழிற்சாலை விட்டுப்போன பாதரச நஞ்சைப் பற்றியது. தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். பாட்டை உலகம் முழுக்கக் கேட்டார்கள். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. மண்ணைச் சுத்தம்செய்யும் அளவுகோலில் தகராறு தீரவில்லை. அதனால் 2018-இல் இரண்டாவது பாட்டு. இம்முறை சோபியாவின் ராப்பும் கிருஷ்ணாவின் கர்நாடக இசையும் ஒன்றாக வந்தன. ஒரு பாட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆண்டுக்கணக்கில் மனு எழுதியவர்கள், வழக்கு நடத்தியவர்கள், நோயோடு வாழ்ந்தவர்கள் அடித்தளம் போட்டிருந்தார்கள். பாட்டு அவர்கள் குரலைத் தூரத்துக்குக் கொண்டுபோனது. அவ்வளவும் பெரிய காரியம்தான்.

இன்னொரு ஜோடிச் சேர்க்கையையும் சொல்லாமல் விடமுடியாது. காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் என்று ஒரு கிராமம். கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து வந்து தமிழ்க் கூத்தோடு வாழ்ந்துவிட்ட ஹன்னே டி ப்ரூயினும் சேர்ந்து கட்டைக்கூத்துப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார்கள். பெண் பிள்ளைகளும் அங்கே கட்டை கட்டி ஆடக் கற்றார்கள். அந்தக் கூத்தும் கர்நாடக இசையும் ஒரே மேடையில், ஒரே கதைக்குள் சேர்ந்து நின்ற ஒரு படைப்பை ராஜகோபாலும் பாடகி சங்கீதா சிவகுமாரும் உருவாக்கினார்கள். கூத்துக்காரரின் உச்சக் குரலுக்குப் பக்கத்தில் கச்சேரிக் குரல் ஏறும் இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்தக் குரலும் மற்றதற்காகத் தன்னைக் குறைத்துக்கொள்ளவில்லை.

2016-இல் கிருஷ்ணாவுக்கு மகசேசே விருது வந்தது. 2024-இல் சங்கீத கலாநிதி. பாராட்டும் வசவும் இரண்டு பங்கும் அவருக்குக் கிடைத்தன. அவற்றுக்குள் நான் போகவில்லை. எனக்குச் சொல்லவேண்டியது மற்றவர்களைப் பற்றி. ஊரூர் குப்பத்தில் எஸ். பாளையம் என்று ஒரு பெரியவர். காற்றையும் நீரோட்டத்தையும் அவரளவு படித்தவர் கிடையாது. எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும், கடல் எப்போது கலங்கும், எப்போது தெளியும் என்று அவர் சொல்லச் சொல்லச் சரவணனும் நித்யானந்தும் குறித்துவைத்தார்கள். விழாவுக்கு வந்த நகரத்துப் பிள்ளைகளை ஒருநாள் கரையில் நிறுத்தி, “இப்ப அடிக்கிற காத்து எது?” என்று குப்பத்துப் பெரியவர்கள் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று திசை திசையாகக் கைநீட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் வகுப்பில் சங்கப் பாட்டுக்கு உரை சொல்லும்போது வாடையும் கொண்டலும் சொல்லியிருக்கிறேன். அங்கேதான் அவை முகத்தில் அடித்தன.

குப்பத்துப் பெண்களைப் பற்றியும் எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. தெருவைக் கூட்டியவர்கள், கரண்ட் கொடுத்தவர்கள், வெளியூர்க் கலைஞர்களுக்கு நெத்திலி வறுத்துச் சோறு போட்டவர்கள், மீன் சாப்பிடாதவர்களுக்குத் தனியாகச் சாம்பார் வைத்தவர்கள். விடிகாலை மூன்று மணிக்கு மீன் எடுக்கப் போகவேண்டியவர்கள் அவர்கள். கச்சேரி முடியும்வரை உட்கார்ந்துவிட்டு, ஜமக்காளத்தை உதறி மடித்து வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனார்கள். இந்த இயக்கத்தின் ஆட்கள் யார் என்று என்னைக் கேட்டால் முதலில் அவர்களைத்தான் சொல்வேன். விழாவைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. அந்தப் பெயர்கள் எதிலும் இல்லை.

ஆயா இப்போது இல்லை. நோட்டீசோடு வந்த மாணவி ஒரு பள்ளியில் ஆசிரியை. வில்லுப்பாட்டுப் பையன் கடலுக்குப் போகிறான். பார்த்தால் “டீச்சர்” என்று கூப்பிட்டு இரண்டு சங்கராவைக் கையில் திணித்துவிட்டுப் போவான், காசு வாங்கமாட்டான். விழா நடந்த வருஷங்களில் நகரத்துக்காரர்கள் குப்பத்துத் தெருவில் திரும்பி நடக்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம் முழுதாக விட்டுப்போய்விடவில்லை. காலையில் கடற்கரை நடைக்கு வருகிறவர்கள் குப்பத்தில் நின்று மீன் வாங்குகிறார்கள், பேசுகிறார்கள்.

எண்ணூருக்கு இன்னும் விடிவு வரவில்லை. சாம்பல் மாசுக்கு மின்வாரியமே பொறுப்பு என்று 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து ஓடி, காட்டுக்குப்பத்து வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டது. கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய சிறகோடு பறக்கமுடியாமல் உட்கார்ந்திருந்தன. எங்களை ஏற்றிப்போன படகுக்காரரின் வலையும் படகும் அந்த எண்ணெயில் வீணாயின என்று கேள்விப்பட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குப் போய்வாருங்கள். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறினால் போதும். எண்ணூர் நிலையம் தாண்டியதும் ரயில் கொசஸ்தலையாற்றைக் கடக்கும். அப்போது ஜன்னலோரம் இருங்கள். அடுத்த நிலையத்தில் இறங்கி மீனவர்களிடம் பேசுங்கள். அவர்கள் பிடித்த இறாலை வாங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஆறு அவர்களுடையதும்தான்.